வேலைக்கு ஒரு தமிழ், வீட்டுக்கு ஒரு தமிழ்

"நாளைக்கு வர முடியாதுண்ணே. பதிவு இருக்கு."

சாரத்தில் நின்றபடியே சொன்னார் பெயிண்டர். எங்கள் வீட்டு முன்சுவரில் மழைத் தண்ணீர் இறங்கி, உப்புப் பூத்து, பழைய வர்ணமெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. மூன்று நாளாக அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட்டு, அன்று பட்டி இழுத்துக்கொண்டிருந்தார். பட்டி குழைக்கும்போது அவர் பக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. தண்ணீரை ஊற்றி, ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். தகட்டை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் கொண்டுவருவார். சுவரில் கோடு விழாது. முப்பது வருடக் கை.

பத்திரப் பதிவாக இருக்கும் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். சற்று நேரத்தில் அவருடைய போன் அடித்தது. "ஓமப்பா... பின்னேரம் வந்திடுவன்... நீ சாப்பிட்டியே?" என்றார். அதுவரை என்னிடம் அசல் மதுரைத் தமிழ் பேசிக்கொண்டிருந்த மனிதர். போனை வைத்ததும் மறுபடி மதுரைக்கு வந்துவிட்டார். "நீங்க எந்த ஊருண்ணே?" என்று கேட்டேன். ஒரு நொடி தயங்கி, "முகாம்" என்றார்.

எந்த ஊர் என்று கேட்டால் பிறந்த ஊரைச் சொல்வோம், இல்லை பிழைக்க வந்த ஊரைச் சொல்வோம். இவருக்கு இரண்டும் இல்லை. 1990-இல் இலங்கையின் மன்னார் கரையிலிருந்து அகதியாக வள்ளத்தில் ஏறியபோது அவருக்குப் பதினொரு வயது. ஊரில் அப்பா சங்கக்கடை மேனேஜர். இங்கே வந்து மூட்டை தூக்கினார். மகன் பதினாறு வயதில் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினார். வேலைக்கு ஒரு தமிழ், வீட்டுக்கு ஒரு தமிழ் என்று பேசப் பழகியது அப்போதுதான். "சிலோன்காரன்னு தெரிஞ்சா சில வீட்ல யோசிப்பாங்கண்ணே, அந்தக் காலத்துல."

அவர் சொன்ன பதிவு, முகாமில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் பதிவு. வருவாய்த் துறை அலுவலர் வந்து பெயர் கூப்பிடும்போது குடும்பத்தில் ஒவ்வொருவரும் நேரில் நிற்க வேண்டும். அதைப் பொறுத்துத்தான் மாதப் பணக்கொடை. இன்றைய கணக்கில் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. தாய், தகப்பன், இரண்டு சிறுபிள்ளைகள் என்றால் மாதம் 3,500. நான் அவருக்குக் கொடுத்த நாள் கூலி 950. நாலு நாள் சாரத்தில் நின்றால் கிடைக்கிற பணம்தான் அது. அதற்காகவா ஒரு நாள் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. "காசுக்கில்லண்ணே. பேரு வெட்டிட்டா நாங்க யாருன்னு கேட்டா காட்ட ஒண்ணுமில்ல" என்றார். அவர் காப்பாற்றிக்கொள்வது அந்தத் தாளில் இருக்கும் பெயரை. பிள்ளைகளின் படிப்புச் சலுகைக்கும் இருக்கிற வீட்டுக்கும் அந்தப் பெயர்தான் வேர்.

மதுரைப் பக்கத்து முகாம் ஒன்றில் 2016-இல் பதிவின்போது மகன் நேரில் இல்லாததையொட்டி வாக்குவாதம் எழுந்தது. அதன் பின் தகப்பன் மின்கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். செய்தித்தாளில் படித்தபோது அது எனக்கு ஒரு செய்தி மட்டும்தான். எங்கள் வீட்டுச் சாரத்தில் நின்ற மனிதர் பதிவைப் பற்றிச் சொன்ன பிறகுதான் அந்தத் தகப்பனின் பயம் எனக்கு விளங்கியது.

முகாமின் கதையை மண்டபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ராமேசுவரம் ரயிலில் போகிறவர்கள் பாம்பன் பாலத்துக்கு முன்னால் "மண்டபம் கேம்ப்" என்ற நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கேம்ப் அகதிகளுக்காக வந்ததில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புவதற்கு முன்னால், நோய் இருக்கிறதா என்று பார்க்கவும் அம்மை குத்தவும் சில நாள் தங்கவைத்த இடம் அது. கங்காணி பிடித்துக்கொண்டு வந்த குடும்பங்கள் வரிசையில் நின்று, உடம்பைக் காட்டி, மறுகரைக்குப் போயின. வேலை செய்யும் உடம்புதானா என்பதே அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி.

அதே வழியில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா ஒத்துக்கொண்டது. 1974-இல் இன்னும் 75,000 பேர். "தாயகம் திரும்பியோர்" என்று அரசு அவர்களுக்குப் பெயர் வைத்தது. அவர்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல முடியாது. கடன் வாங்கித் தொலைத்தவர்களும் காட்டு வேலையில் அடிமைப்பட்டவர்களும் ஏராளம். ஆனாலும் அன்றைய அரசு ஒன்றைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தது: வந்தவனுக்கு முதலில் வேலை வேண்டும். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டார்கள். கொழுந்து கிள்ளத் தெரிந்த கைகளுக்குக் கொழுந்து கிள்ளும் வேலை. இன்றைக்கு டான்டீ என்று நாம் டீத்தூள் வாங்கும் அரசுத் தேயிலைக் கழகம் அப்படித்தான் வளர்ந்தது. 1969-இல் ரெப்கோ வங்கியை ஆரம்பித்தார்கள், தொழில் தொடங்கக் கடன் கொடுக்க. நூற்பாலைகளில் இடம் ஒதுக்கினார்கள். (அந்தத் தேயிலைத் தோட்டங்களே இன்று நலிந்து, 2022-இல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க முடிவானது. அங்கே ஓய்வு பெற்றவர்கள் குடியிருந்த லைன் வீட்டையும் விட வேண்டியிருக்கிறது. அது இன்னொரு துயரம்.)

பிறகு 1983 ஜூலை வந்தது. தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. ராமேசுவரத்திலும் தனுஷ்கோடியிலும் வள்ளங்கள் வந்து இறங்கின. 1987 வரை வந்தவர்கள் மட்டும் 1,34,000 பேர். தமிழ்நாடு அவர்களைக் கையைப் பிடித்துக் கரையேற்றியது. இதில் சந்தேகமே வேண்டாம். எந்தத் தாளும் கேட்காமல் பள்ளிக்கூடங்கள் சேர்த்துக்கொண்டன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில்கூட அவர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். வெளியே வீடு பிடித்து இருந்தவர்கள் டியூஷன் எடுத்தார்கள், கடைகளில் கணக்கு எழுதினார்கள், தையல் போட்டார்கள். வேலை செய்யலாம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. செய்யாதே என்று யாரும் தடுக்கவும் இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம், நிலைமை சரியானதும் திரும்பிவிடுவோம் என்று அவர்களும் நினைத்தார்கள், நாமும் நினைத்தோம். எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிதான் நாற்பது வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டதும் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். நம் பெயிண்டரும் அந்தக் கூட்டத்தில்தான். அவர்களுக்குக் கொடுக்க வீடில்லை. புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், பழைய கிடங்குகள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் என்று எங்கெல்லாம் கூரை இருந்ததோ அங்கெல்லாம் இறக்கிவிட்டார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டார்கள். பிறகு தார் அட்டைக் கூரையில் வீடுகள் வந்தன. பத்துக்குப் பத்து. அதற்குள்தான் சமையல், படிப்பு, பிரசவம், சாவு எல்லாம். சித்திரை வெயிலில் தார் உருகிச் சொட்டும் என்று முகாமில் வளர்ந்த எல்லோரும் சொல்வார்கள். ரேஷன் அரிசி கிலோ 57 காசு. அந்த விலை முகாம்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. ஒரே இரவில் எல்லாம் மாறிப்போனது. தமிழ்நாட்டு வீதிகளில் "சிலோன்காரங்க" என்ற சொல்லின் சாயலே வேறாயிற்று. கல்லூரிக் கதவு மூடியது. முகாம் வாசலில் போலீஸ் உட்கார்ந்தது. காலையில் வெளியே போனால் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். 1992-இலிருந்து 1995-க்குள் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். விரும்பிப் போனார்கள் என்று ஏட்டில் இருக்கிறது. அந்த விருப்பம் எப்படி வந்தது என்று அன்றைக்கே மனித உரிமை ஆர்வலர்கள் கேட்டார்கள். கல்லூரிக் கதவு மறுபடி திறக்க 1996 வரை ஆனது. இடையில் பிளஸ் டூ முடித்து நின்ற ஒரு தலைமுறை கையில் மட்டைப் பிரஷ்ஷை எடுத்தது.

ஏன் பெயிண்டிங்? தமிழ்நாட்டில் எந்த முகாமுக்குப் போனாலும் ஆண்களில் பெரும்பகுதி பெயிண்டர்கள்தான். நம் ஊர் ஆட்களுக்கே இது தெரியும். "முகாம் பெயிண்டர்னா வேலை சுத்தமா இருக்கும்" என்று காண்ட்ராக்டர்கள் சொல்வார்கள். ஊரில் அவர்கள் மீனவர்கள், விவசாயிகள், ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள். பெயிண்ட் அவர்கள் குலத்தொழிலும் இல்லை, விரும்பி எடுத்த தொழிலும் இல்லை. எனக்கு அவரே விளக்கினார். கடல் தொழிலுக்குப் போனால் எல்லைச் சிக்கல், சந்தேகம். விவசாயத்துக்கு நிலம் வேண்டும். கடை போட வாடகைப் பத்திரம், லைசென்ஸ், பேங்க் கணக்கு வேண்டும். கொத்தனார் வேலைக்கு ஊர் ஆட்களே போதுமான அளவு உண்டு. பெயிண்டிங்குக்கு ஒரு பிரஷ் போதும். மேஸ்திரி கையைப் பார்ப்பார், அடையாள அட்டையைக் கேட்க மாட்டார். அன்றாடம் கூலி கைக்கு வந்துவிடும். நாளைக்குப் போலீஸ் வந்து முகாமைவிட்டு வெளியே போகாதே என்றால் பாதியில் விட்டுவிட்டு வரலாம். நட்டம் ஒரு நாள் கூலி மட்டும்தான்.

சொல்லி முடித்துவிட்டு அவர் பட்டியைக் குழைக்கப் போனார். நான் அங்கேயே நின்றேன். காகிதம் கேட்காத வேலையாகத் தேடித் தேடி ஒரு சமூகமே ஒரே தொழிலில் போய் நின்றிருக்கிறது. அதை நாம் கைராசி என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் அவர்கள் சும்மா இருந்தவர்கள் இல்லை. ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாமுக்கு முகாம் மாலை வகுப்பு நடத்தியது. படித்த அகதியே படிக்காத அகதிக்கு ஆசிரியர். பெண்களுக்குச் சுருள்பாசி வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். சுயஉதவிக் குழுக்கள் அமைத்தார்கள். என்றைக்காவது திரும்பிப் போனால் ஊரைக் கட்ட ஆள் வேண்டுமே என்ற நினைப்பில் ஒரு தலைமுறையையே படிக்கவைத்தார்கள். முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பட்டதாரிகள் வந்தது இந்தப் பிடிவாதத்தால்தான். வேலைக்குப் போக வழி இல்லாத இடத்தில் ஒரு சமூகம் படிப்பை இப்படிப் பற்றிக்கொண்டதை நினைக்க எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இன்றைக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள் உண்டு. அவற்றை மனம் நிறைந்து சொல்ல வேண்டும். 2006-இல் 200 ரூபாயிலிருந்து 400 ஆன பணக்கொடை, 2011-இல் 1,000 ஆகி, இப்போது 1,500. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். பழுதுபட்ட 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் பெரிய பங்கு. அதே நாட்களில் "அகதிகள் முகாம்" என்ற பலகையை எடுத்துவிட்டு "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டினார்கள். 2023 செப்டம்பரில் அங்கிருந்தே 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. கான்கிரீட் கூரை, தனிச் சமையலறை, கழிப்பறை. மழைக்காலத்தில் பாத்திரம் வைத்துச் சொட்டுத் தண்ணீர் பிடித்தவர்களுக்கு அந்தக் கூரை எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியில் இருந்து பார்க்கும் நமக்கு முழுதாக விளங்காது.

அந்தத் திட்டத்தில் ஐயாயிரம் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியும் உண்டு. பயிற்சி முடிந்த பிறகு எங்கே வேலைக்குச் சேர்வது என்பதுதான் இடறும் இடம். அது மாநில அரசின் கையில் இல்லை.

பெயிண்டரின் மூத்த மகள் பி.காம். முதல் வகுப்பில் தேறியவள். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. டேலி தெரியுமா என்றார்கள், தெரிந்தது. ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யத் தெரியுமா, தெரிந்தது. சம்பளம் வரைக்கும் பேசியாகிவிட்டது. கடைசியாக ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் நாட்டுரிமை என்று ஒரு கட்டம். அவள் பிறந்தது மதுரை அரசு மருத்துவமனையில். இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தும் அந்தக் கட்டத்தில் "இலங்கை" என்று எழுதிக் கொடுத்தாள். அப்படித்தான் எழுத வேண்டும், அதுதான் உண்மையும்கூட என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். மேலாளர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றோம்மா" என்றாராம். இதை என்னிடம் சொன்னபோது பெயிண்டரின் குரலில் குறை இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மேலாளர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று அவருக்கும் தெரியாது. 1951-ஆம் வருட அகதிகள் உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, அடைக்கலம் கொடுத்த நாட்டில் அகதி கூலி வேலை செய்யும் உரிமையைப் பேசுகிறது. 18-ஆம் பிரிவு சொந்தத் தொழிலை, 19-ஆம் பிரிவு வக்கீல், டாக்டர் போன்ற படித்த தொழில்களை. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. நம்மிடம் அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2003-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இல்லாமல் வந்த வெளிநாட்டவர் "சட்டவிரோதக் குடியேறி" ஆனார். குண்டு விழும் இரவில் வள்ளம் ஏறியவரிடம் ஏது கடவுச்சீட்டு? அவர் சட்டவிரோதி என்றால் இங்கே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை. 2019-இல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை.

இதன் விளைவு ஒவ்வொரு தொழிலிலும் ஒரு கதவாக வந்து நிற்கும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. சட்டம் படித்துத் தேறினாலும் 1961-ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டம் பொதுவாக இந்தியக் குடிமக்களைத்தான் பதிவு செய்யச் சொல்கிறது. சொந்தமாகக் கடை வைக்க ஒரு சென்ட் இடம் வாங்கலாம் என்றால், இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியில்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. சொத்து இல்லையென்றால் அடமானம் இல்லை, அடமானம் இல்லையென்றால் கடன் இல்லை. முகாமில் கொஞ்சம் தலையெடுத்த ஆட்களின் டெம்போ வேனோ கம்ப்ரசர் மெஷினோ பெரும்பாலும் ஊர்க்காரர் யாராவது ஒருவர் பெயரில் இருக்கும். அந்த ஊர்க்காரர் நல்லவராக இருக்க வேண்டும். பெரும்பாலும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் முப்பது வருட உழைப்பு இன்னொருவர் நல்ல மனதை நம்பி நிற்பது எவ்வளவு பெரிய பாரம்!

1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன் என்பது பழைய சட்டம். இதைப் பிடித்துக்கொண்டு மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய், 2022-இல் சாதகமான தீர்ப்புப் பெற்று, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதல் முறையாக வாக்களித்தார். அதற்கு முன்பே, 2019-இல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முகாம்களில் உள்ள மலையகத் தமிழர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழிவிட்டது. அவர்களுடைய தாத்தா பாட்டிகள்தான் மண்டபத்தில் அம்மை குத்திக்கொண்டு மறுகரை போனவர்கள்.

2025 செப்டம்பர் முதல் வெளிநாட்டவர் பற்றிய புதிய சட்டம் அமலுக்கு வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று விலக்கு அளித்து ஆணை வந்திருக்கிறது. முகாம்களில் அன்று இனிப்புக் கொடுத்தவர்கள் உண்டு. எனக்கும் மகிழ்ச்சிதான். நாற்பது வருடம் தலைக்கு மேல் தொங்கிய கத்தி கொஞ்சம் உயரப் போயிருக்கிறது. ஆனால் அந்த ஆணையில் வேலை என்ற சொல் இல்லை. 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் நொறுங்கியபோது பசிக்குத் தப்பி வள்ளம் ஏறி வந்து, மண்டபத்தில் அகதி என்ற பதிவுகூட இல்லாமல் இருப்பவர்களுக்கு அந்த விலக்கும் இல்லை.

இதெல்லாம் நம்மால் முடியாத காரியமா என்றால், நாம் செய்து பார்த்த காரியம்தான். 1959-க்குப் பின் வந்த திபெத்தியர்களுக்கு மைசூருக்கு அந்தப் பக்கம் பைலகுப்பேயில் நிலம் கொடுத்து உழுது பயிரிடச் சொன்னோம். குளிர்காலத்தில் நம் ஊர்த் தெருக்களில் ஸ்வெட்டர் விற்க வருகிறார்கள், நாமும் வாங்குகிறோம். அவர்களும் அகதிகள்தான், அதே நாடு, அதே சட்டமின்மை. 2014-இல் அவர்களுக்கென்று ஒரு மறுவாழ்வுக் கொள்கை வகுத்து, தொழில் உரிமம் கொடுக்கவும் தகுதியான வேலையில் சேர்த்துக்கொள்ளவும் மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதியது. தமிழ் அகதிக்கு அப்படி ஒரு தாள் இன்னும் வரவில்லை.

கடல் தாண்டிப் போனவர்களைப் பாருங்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கரையேற்றினார்கள். அந்த நாடு அவர்களுக்கு முதலில் கொடுத்தது தங்கி வேலை செய்யும் அனுமதி. அவர்கள் உணவகத்தில் பாத்திரம் கழுவினார்கள், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தார்கள். கஷ்டம் அங்கேயும் கஷ்டம்தான். ஆனால் அந்த முதல் கூலிக்குப் பின்னால் ஒரு கணக்கு எண், ஒரு வரிச் சீட்டு, ஒரு வாடகைப் பத்திரம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக வாழ்க்கை ஏறியது. 1983-இல் அம்மாவோடு அகதியாகப் போன சிறுவன் கரி ஆனந்தசங்கரி வழக்கறிஞராகி, நாடாளுமன்ற உறுப்பினராகி, 2025-இல் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். ஒரே தீவில் பிறந்த இரண்டு சிறுவர்கள். ஒருவர் போய்ச் சேர்ந்த இடத்தில் வேலை அனுமதி இருந்தது, இன்னொருவர், நம் பெயிண்டர், ஏறிய வள்ளம் வந்து சேர்ந்த இடத்தில் இல்லை. திறமையில் என்ன வித்தியாசம் இருந்திருக்கும்?

கனடா பணக்கார நாடு, அங்கே முடியும் என்பார்கள். உகாண்டா பணக்கார நாடில்லை. 2006-இல் சட்டம் போட்டு, வந்தவர்கள் வேலை செய்யலாம், எங்கும் போகலாம் என்று எழுதி, குடியிருப்புகளில் பயிரிட நிலத்துண்டும் கொடுத்தார்கள். வெனிசுவேலாவிலிருந்து வந்தவர்களுக்குக் கொலம்பியா 2021-இல் பத்து வருடத்துக்கு வேலை உரிமையோடு தங்கும் ஏற்பாட்டைச் செய்தது. 2022-இல் உக்ரைன் மக்கள் வந்தபோது ஐரோப்பிய நாடுகள் வாசலிலேயே வேலை உரிமையைக் கொடுத்துவிட்டன.

உள்ளூர் ஆட்களின் பிழைப்பு போய்விடாதா என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான், வேலை இல்லாத ஊரில் யாருக்கும் வரும். ஆனால் முகாம்காரர்கள் இப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். காகிதம் இல்லாததால் மேஸ்திரி சொன்ன கூலிக்குச் செய்கிறார்கள். சாரத்திலிருந்து விழுந்தால் இழப்பீடு கேட்க யாரும் இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. உரிமை இல்லாதவன் குறைந்த கூலிக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரனின் கூலியும்தானே இறங்குகிறது. வந்தாரை வாழவைக்கும் நாடு என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். சோறு போட்டோம், பாடம் சொல்லிக்கொடுத்தோம், இப்போது வீடும் கட்டிக்கொடுத்தோம். படித்த படிப்புக்கு வேலை பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதிக்கொடுக்க டெல்லியை அசைப்பதில்தான் நம் கட்சிகள் இன்னும் வென்றபாடில்லை. முகாமுக்குள் ஐம்பத்தெட்டாயிரம் பேர், வெளியே முப்பத்து நாலாயிரம் பேர் என்பது 2021 கணக்கு. எட்டுக் கோடிப் பேர் வாழும் மாநிலத்துக்கு இது எத்தனை சின்ன எண்!

சுவர் வேலை முடிய ஒன்பது நாள் ஆனது. கடைசி நாள் ஜன்னல் கம்பிக்கு எனாமல் அடித்துவிட்டு, தரையில் தெறித்த புள்ளிகளை டர்பன்டைன் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அது என் வேலை இல்லை என்று அவர் விட்டிருக்கலாம். துடைத்துவிட்டுத்தான் கை கழுவினார்.

இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தார். மாடிச் சுவர் பாக்கி இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நானாகவே ஆரம்பித்தேன். "அதுக்கில்லண்ணே" என்று நிறுத்தினார். பிறகு, எங்கள் பழக்கத்தில் முதல் முறையாக, வேலைத் தமிழை விட்டுவிட்டு வீட்டுத் தமிழில் பேசினார்.

"எனக்கில்லை அண்ணை. மகளுக்கு. கணக்கு வேலை, எங்கயெண்டாலும் பரவாயில்லை. உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தாக் கேட்டுப் பாருங்கோ."

இதுவரை நான்கு பேரிடம் கேட்டிருக்கிறேன். நான்கு பேரும் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். பிறகு ஆதாரில் எந்த ஊர் முகவரி என்று கேட்டார்கள்.